கூட வந்தவர்

"பேஷன்ட் வெளிய இருக்கட்டும். கூட வந்தவர் மட்டும் உள்ள வாங்க."

நர்ஸ் இதைச் சொன்னதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம் ஊரில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த யாருக்கும் இந்த வாசகத்தின் அர்த்தம் தெரியும். நல்ல செய்தி என்றால் நோயாளியிடமே சொல்லி, சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். கெட்ட செய்தி என்றால் நோயாளியைக் காப்பி குடிக்கச் சொல்லிவிட்டு, கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிடுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. நடப்பது இதுதான்.

அன்றைக்கு என் மனைவி ருக்குமணி பேஷன்ட், நான் கூட வந்தவன். அதற்கு முந்தின வாரம் எனக்குப் பரிசோதனை. அப்போது அவள் கூட வந்தாள். எங்கள் இருவருக்குமே இருப்பது வார்ப்பு இதயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறவி இதயம் கெட்டுப்போனால் இப்போது யாரும் அடுத்தவர் சாவுக்காகக் காத்திருப்பதில்லை. நம் தோலில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, அதைத் தசையாக வளர்த்து, ஓர் அச்சில் வார்த்து, தொட்டியில் போட்டுத் துடிக்கப் பழக்குகிறார்கள். பழகியதும் நெஞ்சைத் திறந்து பொருத்திவிடுகிறார்கள். சொந்தத் தசை என்பதால் உடம்பு அதை வேண்டாம் என்று தள்ளாது. திருப்பூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி நடமாடுகிறார்.

நடமாடலாம், கல்யாணம்தான் ஆகாது. "பொறவி நெஞ்சு இல்லீங்களே, பாசம் எங்கிருந்து வரும்?" என்று ஒரு பெண்ணின் அப்பா என் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டுவிட்டுப் பலகாரத் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார், பெரிய மனுஷன். கடைசியில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்தில்தான் எனக்கு வழி பிறந்தது. பக்கத்து மிஷினில் நடந்துகொண்டிருந்த ருக்குமணி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, எருமை தண்ணிக்குப் போறாப்பல நடக்கறீங்க?" என்றாள். அடுத்த தை மாதம் கல்யாணம். ஜோசியர் எங்கள் பிறந்த நேரத்தோடு, இரண்டு இதயங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த நேரத்தையும் கேட்டு வாங்கி, நாலு ஜாதகமாகக் கணித்தார். ஒன்பது பொருத்தம் என்றார். எந்த இரண்டுக்கு என்று சொல்லவில்லை.

டாக்டர் வசுந்தராதான் எங்கள் இருவருக்கும் அறுவை செய்தவர். அறைக்குள் போனதும் அவர் கதவைத் தாழிடச் சொன்னார். மேஜைமேல் பிளாஸ்டிக் இதயம் ஒன்று இருந்தது. நீலமும் சிவப்புமாகக் குழாய்கள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"சென்னியப்பன், நான் சொல்றதைப் பதறாமக் கேக்கணும். இதயத்துக்குள்ள நாலு அறை நிறைய ரத்தம் இருக்குது. ஆனா அந்த ரத்தத்தை இதயம் தனக்குன்னு எடுத்துக்க முடியாது."

"அதெப்படிங்க? தண்ணி லாரிக்காரனுக்குத் தாகம்கிற மாதிரியில்ல இருக்குது?"

"அப்படித்தான். உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோற பெருந்தமனி இருக்குல்ல, அதோட அடியில இருந்து ரெண்டு சின்னக் குழாய் கிளம்புது. ஒண்ணு வலது பக்கம், ஒண்ணு இடது பக்கம். அந்த ரெண்டும்தான் இதயத் தசைக்குச் சோறு போடுது. இடதுபக்கக் குழாய்தான் பெரிய பாகத்துக்குப் பொறுப்பு. அது அடைஞ்சா சில நிமிஷத்துல கதை முடிஞ்சுரும்."

"ருக்குவுக்கு அடைப்புங்களா?"

"அடைப்பு இல்லை. அச்சுலயே தப்பு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வார்க்கும்போது ஒவ்வொரு குழாய் வாய்க்கும் துளை விழறதுக்கு ஒரு ஊசி நிறுத்தி வைக்கணும். ரெண்டு வாயையும் ஒரே பக்கம் வெச்சா ஒரு ஊசி போதும், வேலை சீக்கிரம் முடியும். வார்க்கற கம்பெனி அப்படிப் பண்ணியிருக்கு. இடது பக்கம் போகவேண்டிய குழாயை வலது பக்கத்துல இருந்தே கிளப்பி, சுத்தி அனுப்பியிருக்கு."

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு உடனே விளங்கியது. "துணி மிச்சம் பிடிக்கறதுக்காகக் கைப் பீஸைக் கோணலாப் போட்டு வெட்டற மாதிரிங்களா? தைக்கறப்பத் தெரியாது. போட்டுட்டுக் கையைத் தூக்கினாத்தான் இழுக்கும்."

"இதுவும் சும்மா இருக்கறப்பத் தெரியாது." அவர் ஸ்டெதஸ்கோப்பின் குழாயைத் தன் இரண்டு கை முஷ்டிகளுக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். "இந்தப் பக்கம் பெருந்தமனி. அந்தப் பக்கம் நுரையீரலுக்குப் போற பெரிய தமனி. நடுச் சந்துல நம்ம குழாய் போகுது. இதயம் நிதானமா அடிக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை. வேகமா அடிச்சா ரெண்டு பெருசும் புடைக்கும்."

முஷ்டிகள் நெருங்கின. குழாய் தட்டையானது.

"எப்பங்க வேகமா அடிக்கும்?"

"ஓடினா அடிக்கும். கோபம் வந்தா அடிக்கும். பயந்தா எல்லாத்தையும் விட வேகமா அடிக்கும்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான் அவங்ககிட்டச் சொல்ல முடியலை. 'உன் இதயம் எந்த நேரமும் நின்னுபோகலாம்'னு சொன்னா யாருக்குத்தான் பயம் வராது? சொல்றதே கொன்னுரும்."

சரி பண்ணலாமாம். நெஞ்சைத் திறந்து, குழாயின் வாயைச் சரியான இடத்துக்கு மாற்றித் தைக்கவேண்டும். அது கைவந்த டாக்டர்கள் மாநிலத்திலேயே நாலைந்து பேர்தான். இந்த இதயம் உள்ளவர்களோ ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ருக்குமணியின் பெயர் வரிசையில் இருக்கிறது. முறை வரும்போது வேறு ஏதாவது காரணம் சொல்லிக் கூட்டி வரவேண்டும். அதுவரை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். வீட்டில் சத்தம் கூடாது, சண்டை கூடாது, திடுக்கிடும் செய்தி எதுவும் காதில் விழக்கூடாது.

கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன். "என்னுதுங்க, டாக்டர்?"

"உங்களுக்குப் பொருத்தினது முதல் அச்சு. இந்தக் கோளாறு ரெண்டாவது அச்சுலதான்."

என் உடம்பெல்லாம் லேசாயிற்று. மனைவி சாகக் கிடக்கிறாள் என்று கேட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. டாக்டர் சொன்னதை நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. என் இதயத்திலும் கோளாறு என்றால் சொல்லாமலா இருப்பார்கள்?

வெளியே வந்தேன். ருக்குமணி காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தாள். "என்னங்க சொன்னாங்க?"

"சத்துக் குறைச்சலாம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க."

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, மீதிக் காப்பியை என்னிடம் நீட்டினாள். மேற்கொண்டு பேச்சு வளரக்கூடாது என்று ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

என் பிழைப்பு நாய்ப் பிழைப்பானது அன்றிலிருந்துதான். ருக்குமணி சாதுவான பெண் என்றால் ஒருவாறு சமாளித்திருப்பேன். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கிவாரிப் போடும் என்று நினைத்தாலே எனக்கு வேர்த்துவிடும். கட்டிங் டேபிளில் நின்றுகொண்டு, இந்நேரம் அவள் எந்த மேம்பாலத்தில் எந்தக் கிறுக்கனோடு போகிறாளோ என்று பதறுவேன். இரண்டு தடவை துணி அடுக்கைத் தப்பாக வெட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"வேலையை விட்டுரேன் ருக்கு" என்று ஒரு நாள் காலையில் சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங்க?"

"அலைச்சலா இருக்குதல்ல."

"உங்களுக்குந்தான் நின்னு நின்னு கால் வீங்குது. நீங்க விட்டுருங்களேன்."

பழைய சென்னியப்பனாக இருந்தால் அந்த இடத்தில் குரல் உயர்ந்திருக்கும். பழைய ருக்குமணியாக இருந்தால் தட்டு பறந்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

உண்மையிலேயே அவள் மாறித்தான் போனாள். குக்கர் விசில் எனக்குத் தலைவலி என்று சொல்லி, சோற்றை வடிக்க ஆரம்பித்தாள். அழைப்புமணியைக் கழற்றினாள். என் அண்ணனோடு இருந்த வேலித் தகராறைத் தானே போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வந்தாள். எனக்கும் ஒரு சத்து மாத்திரை வாங்கி வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தாள். நான் அவளைக் கவனிப்பதைப் பார்த்து அவளுக்கும் என்மேல் அக்கறை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறு எதுவும் இல்லை. அவள் பாத்திரத்தை நழுவவிட்டால் அடுப்படிக்கு ஓடுவேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவருகே போய் நிற்பேன். தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

ஆடி மாதம் பிறந்து கொஞ்ச நாளில் தங்கராசு இறந்துபோனார். எங்களோடு பயிற்சிக் கூடத்தில் நடந்தவர். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். ருக்குமணியிடம் சொல்லாமல் எழவுக்குப் போனேன். அவர் மனைவி அருக்காணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கொல்லைப்புறம் கூட்டிப் போனார்.

"தம்பி, உனக்குத் தெரியுமா விசயம்? உன்னைய உள்ள கூப்பிட்டுச் சொன்னாங்களா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் சொன்னாங்கப்பா. மூணு மாசமா ஒரு வார்த்தை வெளிய விடாம வெச்சிருந்தேன். கோழிக்குச் சீக்கு வந்துச்சு, அதைக்கூட அவருக்குத் தெரியாமப் பாத்தேன்." அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "எந்தப் பாவி அனுப்புனானோ, போன்ல ஒரு மெசேஜ். வார்ப்பு இதயம் வெச்சவங்க எல்லாரும் உசாரா இருங்க, திடீர்னு நின்னுருதுன்னு போட்டிருந்துச்சு. காப்பி போட அடுப்படிக்குப் போனேன். 'அருக்காணி, இதென்ன, இதென்ன'ன்னு சத்தம் கேட்டுச்சு. வந்து பாக்கறேன், போன் கையில இருக்குது. அவரு இல்லை."

பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அந்த மெசேஜ் எந்நேரமும் ருக்குமணியின் போனுக்கு வரலாம். இப்போதே வந்துகொண்டிருக்கலாம். அதை அனுப்புகிறவனும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அனுப்புவான். கீழே கைகூப்பும் பொம்மை வேறு போட்டிருப்பான். எச்சரிக்கையே விஷமாகிவிட்ட ஒரு காலத்தில் யாரைப் போய் நோவது? இதயம் வார்த்த கம்பெனியோ, நிபுணர் குழு ஆராய்கிறது என்று ஒரு வரி அறிக்கை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. உண்மையை ஊரறியச் சொன்னால் ஆயிரக்கணக்கான பேர் பயத்தில் விழுவார்கள். சொல்லாவிட்டால் ஓடியும் சண்டை போட்டும் ஒவ்வொருவராகப் போவார்கள். எது குறைந்த கொலை என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. எனக்கு என் ருக்கு பிழைத்தால் போதும்.

வீட்டில் அவள் போன் அலமாரிமேல் இருந்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, அதைத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். பிறகு, "ஐயையோ, கை தவறிருச்சு ருக்கு" என்று கூப்பிட்டேன்.

கீழே இறங்கி வந்தவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. "பரவால்லீங்க. உங்க போனும் மத்தியானம் கிரைண்டர்ல விழுந்துருச்சு" என்றாள்.

காலையில் அவசரத்தில் போனை வீட்டிலேயே மறந்து போயிருந்தேன். அதைக் கிரைண்டருக்குப் பக்கத்தில் யார் கொண்டுபோய் வைத்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் பொய் மாட்டிக்கொள்ளாமல் போனதே பெரிய காரியம் என்றிருந்தது. அடுத்த நாள் அவளே போய், பேச மட்டும் உதவும் பட்டன் போன் இரண்டு வாங்கி வந்தாள். டிவி கேபிளையும் நிறுத்திவிடலாம், வீண் செலவு என்றாள். அதுவும் எனக்குத் தோதாகப் போயிற்று. கடவுள் என் பக்கம்தான் இருக்கிறார் என்று அன்றைக்குச் சாமி படத்துக்கு ஒரு முழம் பூ அதிகமாகப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில், எங்கள் கம்பெனிப் பேக்கிங் செக்‌ஷன் ஈசுவரி டேபிளுக்கு வந்து நின்றாள். "அண்ணா, அக்காளோட டிரைவிங் ஸ்கூல் கார் மைதானத்துல கம்பத்துல மோதிருச்சுங்களாம். இப்பத்தான் என் தம்பி பாத்துட்டு வந்தான்."

கத்தரி மிஷினை நிறுத்தினேனா என்றுகூடத் தெரியாது. பைக் சாவி சட்டைப் பையில் இல்லை. தேட நேரமில்லை. ஓடினேன். சாயப்பட்டறைச் சந்தில் நுழைந்து, காய்கறி வண்டிகளை இடித்துக்கொண்டு, ரயில்வே கேட் கம்பிக்குக் கீழே குனிந்து ஓடினேன். மோதியது முக்கியமே இல்லை. மோதிய அந்த நொடியில் அவள் பயந்திருப்பாளே, அதுதான் என்னைத் துரத்தியது. பாதி வழியில் நெஞ்சுக்கு நடுவே யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருந்தது. இடது கை மரத்துப்போனது. கண்ணுக்குள் கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. பயம் இப்படியெல்லாமா செய்யும் என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.

மைதானத்து வாசலில் நுழைந்தபோது முதலில் காரைப் பார்த்தேன். முன்பக்கம் நசுங்கியிருந்தது. பிறகு அவளைப் பார்த்தேன். கம்பத்தில் மோதிய பெண்ணைத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவள் நிமிர்ந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது.

"ஓடாதீங்க!" என்று கத்தினாள். "நில்லுங்க! அப்படியே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வெக்காதீங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நான் நின்றேன். அவள் என்னை நோக்கி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். ஒவ்வோர் அடியாக, கயிற்றின்மேல் நடப்பவள் போல வந்து, என் தோளை அமுக்கிப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்காரவைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் போய் உட்கார்ந்த இடம் சரியாக நாடி துடிக்கும் இடம்.

"மூச்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. பாருங்க, முழுசா இருக்கறேன்."

"உனக்குப் பயமா இருந்துச்சா ருக்கு? நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சா?"

"என்னைய விடுங்க." அவள் உதடு கோணியது. அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "எதுக்குங்க ஓடியாந்தீங்க? நீங்க ஓடக்கூடாதுங்க. போன மாசம் நீங்க ஸ்கேன் ரூமுக்குள்ள இருக்கறப்ப டாக்டரம்மா என்னைய உள்ள கூப்பிட்டாங்க. உங்க இதயத்துல ஒரு குழாய் தப்பான சந்துல போகுதாம். முதல் அச்சுல வார்த்தது எல்லாமே அப்படித்தானாம். உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. இப்ப நானே சொல்லிப்போட்டேன்." என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. தயவு பண்ணிப் பயப்படாதீங்க."

நான் அவளையே பார்த்தேன். முதல் அச்சு என்று அவளிடம். இரண்டாவது அச்சு என்று என்னிடம். என் நெஞ்சுக்குள் அந்தப் பிசைதல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. பயம் என்று நினைத்துக்கொண்டு அதையும் தூக்கிக்கொண்டுதான் அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறேன். நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள். எனக்குக் கூட வந்தவள் இவள்தானே? இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் என் மரமண்டையில் ஏறவில்லை.

"சோடா வாங்கியாரேன். எந்திரிக்காம இருங்க" என்று அவள் பெட்டிக்கடைப் பக்கம் நடந்தாள். நான் பட்டன் போனை எடுத்து டாக்டருக்குப் போட்டேன்.

"ரெண்டு அச்சும் தப்புதானுங்களே?" என்றேன், எடுத்த எடுப்பில்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "யார் சொன்னது?"

"சொல்லுங்க டாக்டர்."

"ஆமா. ரெண்டும்தான்." அவர் குரல் களைத்திருந்தது. "உட்கார்ந்திருக்கீங்களா? சென்னியப்பன், விஷயம் தெரிஞ்ச நோயாளிங்க பத்து நாள்கூடத் தாங்கலை. ஆனா இன்னொருத்தரைப் பார்த்துக்கற பொறுப்புல இருக்கிறவங்க நாடி நிதானமா இருந்தது. வீட்டுல கத்தமாட்டாங்க, ஓடமாட்டாங்க. தனக்காகப் பயப்படாம, அடுத்தவங்களுக்குப் பயம் வராமக் காவல் காத்தாங்க. உங்க வீட்டுல ரெண்டு பேருமே நோயாளி, ரெண்டு பேருமே கூட வந்தவங்க. எனக்கு வேற வழி தெரியலை."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்டவேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்கு இனிமேல் கோபப்படக்கூட அனுமதி இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன்.

"அவங்களுக்குத் தன்னோடதும் அப்படித்தான்னு தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாதுங்க. என்னுது மட்டுந்தான் தெரியும்."

"தெரியவேண்டாம். வர்ற புதன்கிழமை உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு. அவங்களுக்கு அடுத்த மாசம்."

"புதன்கிழமை என்னைய டேபிள்ல படுக்கவெச்சு அறுத்துட்டு இருப்பீங்க. வெளிய பெஞ்சுல உட்கார்ந்து பயந்துட்டிருக்கறது யாருங்க? அவ தாங்குவாளா?"

"அது எனக்கும் தெரியும்."

"ஒரே நாள்ல வெச்சுக்குங்க."

"ஒரே நாள்லன்னா..." டாக்டர் தடுமாறினார். "கூட வந்தவர்னு யாராவது வேணுமே?"

ருக்குமணி சோடாவோடு வருவது தெரிந்ததும் போனை வைத்துவிட்டேன்.

நசுங்கிய காரை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்கூலின் இன்னொரு காரில் கிளம்பினோம். அவள்தான் ஓட்டினாள். குமரன் சாலையில் மாட்டு வண்டி வேகத்தில் போனோம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். இத்தனை நாளும் இவளைக் காவல் காத்த மாதிரி இன்னும் ஒரு மாதம் காக்கவேண்டும், அதற்கு நான் உயிரோடிருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"போன்ல டாக்டரம்மா தேதி குடுத்தாங்களா?" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

"எனக்குப் புதன்கிழமை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கியரின்மேல் இருந்த அவள் கை நகரவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வெச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

எந்த இரண்டு பேர் என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டேன். மைதானத்தில் அவள் ஏன் ஓடி வரவில்லை என்று அப்போது புரிந்தது.

"எப்ப இருந்து தெரியும் ருக்கு?"

"சத்து மாத்திரை வாங்கிட்டு வந்தீங்களே, அதுக்கு மறுநாள் தோசை கருகிப்போச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசாமச் சாப்பிட்டீங்க. அப்பவே தெரியுமுங்க."

சிரிக்கவேண்டும் போலிருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் மெதுவாகத்தான் செய்யவேண்டும் என்பது நினைவுக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்குது ருக்கு."

"எனக்குந்தானுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு இருவரும் காத்திருந்தோம். அவள் நாடி என் விரலுக்குக் கீழே ஒன்று, இன்னொன்று என்று அடித்துக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படாமல் கிளட்சை மிதித்து, முதல் கியரைப் போட்டாள்.